கல்கரியில் இருக்கும் மகன்

பெப்ரவரி 4, புதன்

விடியவே பனி. யன்னலில் எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை. இரண்டு லிப்டில் ஒன்று மறுபடியும் பழுது. வேலை செய்யும் ஹோட்டலுக்கு லீவு சொல்லியாயிற்று. காரணம்: பல்வலி.

நாளைக்கு, கோட்டில் பிணை நிற்க: பாஸ்போர்ட். வாடகைப் பத்திரம். சம்பளத் துண்டு. கறுத்தச் சப்பாத்து. மூக்குக்கண்ணாடி. செபமாலை, பைக்குள், வெளியே தெரியாமல்.

மகன் அன்ரனைப் பொலிஸ் பிடித்து ஒரு கிழமை ஆகிறது. இதுவரை இதில் எழுதவில்லை. எழுதினால் நடந்தது நிச்சயமாகிவிடும் என்ற பயம். இன்று எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பிள்ளை வேலை முடிந்து வந்துகொண்டிருந்தான். ஒரு எலெக்ட்ரீஷியனிடம் பயிற்சி. முனைக் கடையில் யாரோ கத்தியைக் காட்டிக் காசைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். பொலிஸுக்குக் கிடைத்த அடையாளம்: பிரவுண் பையன், தாடி, கறுத்த ஜக்கெற். எங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் அப்படி இல்லாத பையனைத் தேடுவதுதான் கஷ்டம். இவனை மறித்து, காரில் ஏற்றி, கடைக்காரரைக் கூட்டிவந்து கண்ணாடிக்குள்ளால் காட்டியிருக்கிறார்கள். "இவனாய் இருக்கலாம்" என்றாராம். அவ்வளவுதான். இவனிடம் கத்தி இல்லை, பறித்த காசு இல்லை. சாப்பாட்டுப் பெட்டி, அடியில் காய்ந்த பருப்பு.

அதே மூலையில் முன்பும் அவனை மறித்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள். "எல்லாப் பெடியளையும் மறிக்கிறவங்கள் அம்மா, விடுங்கோ" என்பான். நானும் விட்டேன்.

அடுத்த நாள் லிப்டில் பிலோமினா அக்கா. எங்கள் மாடி, எங்கள் கோயில் பங்கு, ஒரே தமிழ்ப் பூசை. "தம்பியைக் காணேல்லை, ஸ்டெல்லா?" என்றா. என் வாய் சொன்னது: "கல்கரிக்குப் போட்டான் அக்கா. நல்ல வேலை." ஏன் கல்கரி? விமானத்தில் போகும் தூரம். எங்கள் பங்கில் ஒருவருக்கும் அங்கே ஆட்கள் இல்லை என்ற நினைப்பு. அக்காவின் பெறாமகன், தங்கச்சியின் மகன், அங்கேயாம், நம்பர் தரட்டாம். பிறகு பாடகர் குழு கேட்டது. பங்குச் சுவாமி கேட்டார். ஞாயிறு மன்றாட்டில் "கல்கரியில் புது வாழ்வு தொடங்கும் எங்கள் சகோதரன் அன்ரனுக்காக" என்று மைக்கில் வாசித்து முழுப் பங்கும் மன்றாடியது. நான் முழந்தாளில் நின்றேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் மெலனி அரச வழக்கறிஞராக நடித்து என்னைப் பழக்கினாள்.

"உங்கட மகன் ரூல்ஸை பிரேக் பண்ணினா, யூ வில் கோல் த பொலிஸ்?"

"ஓம்."

"அம்மா, இங்கிலிஷில."

"யெஸ்."

"லைக் யூ மீன் இற், அம்மா."

அவளின் அப்பா சேவியர் எழும்பி அறைக்குள் போய்விட்டார்.

பெப்ரவரி 5, வியாழன்

பிணை இல்லை.

முழுவதையும் எழுதுகிறேன். எங்கள் லோயர் மிஸ் கிளார்க் நாள் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொன்னா. அவவுக்காக இல்லை, எனக்காக.

எங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரப் பையன். இதே மாதிரிக் குற்றம், கத்தி பையிலேயே இருந்ததாம். தாய் நீலச் சால்வை போட்ட, நல்ல முகமுள்ள மனுசி. பிணை நிற்க வந்தவ. மகனைக் காணவில்லையே என்றவர்களுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். "மேற்கே பனிச்சறுக்கு விளையாடப் போயிருக்கிறான் என்று அயலவர்களிடம் சொல்லிவிட்டோம்" என்று சொல்லி அழுதா. நீதவான் மெல்லச் சிரித்தார். பெற்றோருக்கு இது கடினமான நேரம், புரிகிறது என்றார். பையனை விட்டார்கள். அந்த மனுசி வெளியே போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனா. நல்ல மனுசிதான்.

எனக்கு அப்போது எவ்வளவு தைரியம். இங்கேயும் தாய்மார் இப்படித்தான், நீதவானுக்கு விளங்குகிறது என்று நினைத்தேன்.

என் முறை. அரச வழக்கறிஞர் மெல்லிய குரலுள்ள நெட்டை மனிதர்.

"மகன் எங்கே வசிக்கிறார்?"

"என்னோடு."

"விலாசத்தை உறுதிசெய்யப் பொலிஸ் வந்தபோது, அவர் கல்கரியில் வசிப்பதாக அதே மாடியில் ஒருவர் சொல்லியிருக்கிறார்."

பிலோமினா அக்கா. அவவில் பிழையில்லை. தெரிந்ததைச் சொன்னா.

"நான்தான் அப்படிச் சொன்னேன், சேர்." சொல்லும்போது சிரித்தேன். நீலச் சால்வைக்காரிக்குச் சிரித்த அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

முகம் சிரிக்கவில்லை.

"பொய் சொன்னீர்களா?"

"வெட்கத்தில்."

"எத்தனை பேரிடம்?"

"எல்லோரிடமும்."

"வெட்கம் வந்தால் பொய் சொல்வீர்கள். மகன் நிபந்தனையை மீறும் நாளிலும் உங்களுக்கு வெட்கம் வருமே?"

 மெலனியோடு பழகியதில் இந்தக் கேள்வி இருக்கவில்லை.

நீதவான் சொன்னதை மெலனி ஃபோனில் எழுதியிருந்தாள்: சில சமூகங்களில் தங்கள் ஆட்களை மூடி மறைக்கும் வழக்கம் பலமாக இருக்கிறது. இந்தப் பிணையாளின் சொல்லை நம்ப முடியவில்லை.

சில சமூகங்களில். அப்படியானால் அந்த நீலச் சால்வைக்காரி எந்தச் சமூகம்? அவ சொன்னால் தாய்ப்பாசம், நான் சொன்னால் வழக்கம். பஸ்ஸில் வரும்போது இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

கண்ணாடிக் கூட்டுக்குள் அன்ரன் என்னைப் பார்த்தபடி நின்றான். கல்கரிக் கதை அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பெப்ரவரி 7, சனி

குளிர் கடுமை. பால், வெங்காயம் முடிந்துவிட்டன.

சிறையிலிருந்து அழைப்பு. இருவர் அறையில் மூவர். இவனுக்கு நிலத்தில் மெத்தை, தலைமாட்டில் கக்கூஸ். "நான் ஓகே அம்மா" என்கிறான். குரல் ஓகே இல்லை. ஆட்கள் குறைவென்று பூட்டிப் பூட்டி வைக்கிறார்களாம், குளிக்க விடவில்லையாம். பிறகு ஒன்று கேட்டான்: "ஏன் அம்மா கல்கரி?" பதில் சொல்ல முதல் லைன் வெட்டுப்பட்டது.

சேவியர் சோற்றைக் கிண்டியபடி சொன்னார்: "ஒரு வெள்ளைக்கார லோயரைப் பிடிச்சிருந்தா அண்டைக்கே விட்டிருப்பாங்கள். நீர் போய் ஒரு கறுப்புப் பொம்பிளையைப் பிடிச்சீர்."

சோற்றுக் கோப்பையைப் பறித்துச் சிங்குக்குள் போட்டேன். இதே நினைப்பு பஸ்ஸில் எனக்கும் வந்து போனது, அதுதான் கூடக் கோபம்.

பெப்ரவரி 9, திங்கள்

ஹோட்டலில் பகல் வேலை. பல்வலி எப்படி என்று சூப்பர்வைசர் கேட்டார். சுகம் என்றேன். பொய் சொல்லிச் சொல்லி நாக்கு தானாகவே ஓடுகிறது.

பின்னேரம் மிஸ் கிளார்க்கின் அலுவலகம். முடிவெட்டும் கடைக்கு மேலே, படி ஒடுக்கம். மேசையில் பாதி தின்ற இறைச்சிப் பற்றிஸ். ஜமேக்காவிலிருந்து வந்த தாய்க்கு இங்கே பிறந்தவ. தன் தம்பியையும் பொலிஸ் இப்படி ஒரு மூலையில் மறித்ததால்தான் லோயராக வந்தாவாம். 

கோபத்தில் இருந்தா. என்னில் இல்லை. மேல் நீதிமன்றத்தில் பிணையை மறுபரிசீலனைக்குப் போட்டிருக்கிறா. நாள், வரும் 18. அன்று அந்த அறையில் பேசியதெல்லாம் பதிவாகியிருக்குமாம். நீலச் சால்வைக்காரி பேசியதையும் நான் பேசியதையும் எழுத்தில் எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசிப்பாவாம். அதே நாள், அதே நீதவான், அதே பொய். "நான் கருத்துச் சொல்லப் போவதில்லை, வாசிக்க மட்டும் போகிறேன்" என்றா.

பிறகு இரண்டு விஷயம்.

ஒன்று: அரச தரப்பு ஒரு பேரம் தந்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த நாட்களே தண்டனை. அன்றைக்கே வீடு. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கொள்ளைக்காரன் என்ற பெயர். எலெக்ட்ரீஷியன் வேலைக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்காது. செய்யவில்லை என்று சொல்லும் ஒருவனுக்காக எழும்பி நின்று "செய்தான்" என்று சொல்ல மிஸ் கிளார்க்கால் முடியாது, சட்டமும் விடாது. வழக்கு நடந்தால் வெல்லலாம் என்கிறா. ஆனால் வழக்கு வர ஒரு வருடம் செல்லும், பிணை இல்லாவிட்டால் அந்த வருடம் உள்ளே.

இரண்டு: ஆட்கள் வேண்டும். "அறை நிறைய. இந்தப் பையனுக்கு மனிதர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது என்று நீதிபதி தன் கண்ணால் காண வேண்டும்."

செத்த வீடென்றால் சொல்லாமலே அறை நிறையும். கல்கரிக்குப் போனவனுக்காக யார் கோட்டுக்கு வருவது?

பெப்ரவரி 11, புதன்

சண்டை. சேவியர் பேக்கரி வேலைக்குப் போக முன்.

"அந்தப் பேரத்துக்குச் சைன் வைக்கச் சொல்லும். பிள்ளை வீட்டை வரட்டும்."

"செய்யாததைச் செய்தனெண்டு சொல்லவோ?"

"நீர் மட்டும் இல்லாததைச் சொல்லலாமோ?"

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். போன பிறகு பார்த்தால் அன்ரனின் வேலைச் சப்பாத்தைத் துடைத்துப் பொலிஷ் போட்டு வைத்திருக்கிறார்.

எனக்கும் பிள்ளை வீட்டுக்கு வரவேண்டும். இன்றைக்கே வரவேண்டும். கட்டில் விரிக்கும்போது, குளியலறை தேய்க்கும்போது, எந்த நேரமும் அதுதான். ஹோட்டலில் ஒரு அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு துவாயைக் கடித்து அழுதேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

வெயில், ஆனால் சூடில்லாத வெயில். சேவியர் பூசைக்கு வரவில்லை. மெலனி வந்தாள், என் கையைப் பிடித்தபடி.

மன்றாட்டு நேரம். ஐந்து பேர் வாசித்து முடிய நான் எழும்பிப் போனேன். சுவாமி திகைத்துப் பார்த்தார். மைக் எனக்கு உயரம்.

"என்ர மகன் அன்ரன் கல்கரியில இல்லை. இஞ்சதான், ஜெயிலில இருக்கிறான். கடையில களவெடுத்ததெண்டு பிடிச்சிருக்கினம். அவன் செய்யேல்லை. நான் வெட்கத்தில உங்கள் எல்லாரிட்டையும் பொய் சொன்னனான். என்ர பொய்யாலதான் அவனுக்குப் பிணையும் இல்லை. வாற புதன்கிழமை கோட். ஆக்கள் வரவேணும். வந்து இருந்தாப் போதும்."

அங்கேயே நின்றேன். முடிந்ததா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு, ஒவ்வொரு மன்றாட்டுக்கும் சொல்லும் பழக்கதோஷத்தில், முழுக் கோயிலும் ஒரே குரலில் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மெலனி வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

பூசை முடிய கீழே மண்டபத்தில் தேத்தண்ணி, ரோல்ஸ். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. முதுகுக்குப் பின்னால்: "நெருப்பில்லாமல் பொலிஸ் பிடிக்குமோ?" இன்னொரு குரல்: "தாயையே நம்பேலாது, பிறகு மகனை?" பிலோமினா அக்கா குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டா.

வீட்டுக்கு வந்து படுத்தேன். சமைக்கவில்லை.

பெப்ரவரி 16, திங்கள்

குடும்ப தினமாம். மாகாணம் முழுக்க லீவு. சிறையிலும் காவலருக்கு லீவு, ஆகவே முழுநாள் பூட்டு. அழைப்பு இல்லை. குடும்ப தினம்.

மாலையில் கதவு தட்டல். பிலோமினா அக்கா. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றா.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம், ஸ்டெல்லா."

"ஓம் அக்கா."

"பொலிஸுக்கு நான் சொன்னதாலதானே பிடிச்சு வைச்சிருக்கினம். ராத்திரி முழுக்க நித்திரையில்லை எனக்கு."

"நீங்கள் என்ன அக்கா செய்வீங்கள். நான் சொன்னதைத்தானே சொன்னீங்கள்."

"எத்தினை மணிக்குக் கோட்?"

சொன்னேன். திரும்பிப் போய்விட்டா. வருவாவா என்று தெரியவில்லை.

பெப்ரவரி 18, புதன் (விபூதிப் புதன்)

வந்தார்கள். ஆண்டவரே, எத்தனை பேர்.

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நேரே கோட்டுக்கு வந்துவிட்டார்கள். செத்த வீட்டுக்கு வருவது போலவே. ஆண்கள் வெள்ளைச் சேட்டு, கறுத்தக் கோட்டு, கையைக் கட்டிக்கொண்டு பின் சுவரோடு. பெண்கள் முன் வாங்குகளில். ஒருபொழுது நாள் என்பதால் பலகாரம் இல்லை, ஆனால் தேத்தண்ணிப் போத்தல்கள். "நெருப்பில்லாமல்" என்று சொன்ன மனிசனும் வந்திருந்தார். பிலோமினா அக்கா முதல் வரிசை. சேவியரும் வந்தார். கடைசி வரிசையில் இருந்தார்.

அன்ரனைக் கொண்டுவரவில்லை. சுவரில் திரை, அதில் அவன் முகம், பின்னால் சிறைச் சுவர். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி. அவனுக்கு நீதிபதியின் மேசை மட்டும்தான் தெரியுமாம். கமரா எங்கள் பக்கம் திரும்பாதாம். திருப்பலாமா என்று மிஸ் கிளார்க் கேட்டா. இல்லை, அது அசைக்க முடியாமல் பொருத்தப்பட்டது என்றார்கள். இவ்வளவு பேரும் இருந்தும் பிள்ளைக்கு ஒருவரும் தெரியவில்லை.

அரச வழக்கறிஞர் எழும்பினார். போன முறை வந்த அதே நெட்டை மனிதர். அவர் நெற்றியிலும் சாம்பல். எனக்கு மனம் கொஞ்சம் இளகியது, அவரும் மண்ணுதான் என்று. அவர் சொன்னார்: குற்றஞ்சாட்டப்பட்டவரோடு தொடர்புள்ள ஆண்கள் பெருந்தொகையாக வந்திருப்பதை மன்று கவனிக்க வேண்டும். சாட்சியான கடைக்காரருக்கு இது அச்சுறுத்தலாகத் தெரியலாம்.

சாட்சி அந்த அறையிலேயே இல்லை.

பின் சுவரில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். கட்டிய கையை ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். அது என்னால் தாங்க முடியவில்லை.

மிஸ் கிளார்க் சத்தம் போடவில்லை. "அப்படியானால் அவர்கள் யார் என்று அவர்களே சொல்லட்டும், மன்று அனுமதித்தால்." நீதிபதி வயதான பெண்மணி. சிலர் சொல்லலாம் என்றா. ஒருவர் பஸ் ஓட்டுகிறவர். ஒருவர் முதியோர் இல்லத்தில் சமையல். ஒருவர் யூனியன்வில்லில் பள்ளிக்கூட வாத்தியார். பிலோமினா அக்கா தன் ஆங்கிலத்தில்: "ஐ ஆம் நெய்பர். ஐ டோல்ட் பொலிஸ் கல்கரி. ஐ ஆம் த மிஸ்டேக்." போதும் என்றா நீதிபதி.

பிறகு மிஸ் கிளார்க் அந்த இரண்டு பதிவுகளையும் வாசித்தா. முதலில் நீலச் சால்வை. பிறகு நான். ஒரு சொல் கூட்டவில்லை.  ஒவ்வொரு வழக்கும் வேறு என்றார் அரச வழக்கறிஞர். பிறகு என்னைப் பார்த்து: "லோயர் சொன்னதால்தானே இப்போது உண்மையைச் சொல்கிறீர்கள்?"

"ஓம் சேர். அவ சொல்லாவிட்டால் சாகும்வரை கல்கரிதான். ஆனால் இனி எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, ஒளிக்க ஆளுமில்லை. எல்லோருக்கும் தெரியும்." கையால் பின்னால் காட்டினேன்.

நீதிபதி ஏதோ எழுதினா. முடிவு வரும் செவ்வாய்.

வெளியே சேவியர் மிஸ் கிளார்க்கிடம் போய், இரண்டு கையாலும் அவ கையைப் பிடித்தார். "தாங்யூ, மேடம்" என்று மட்டும்.

பெப்ரவரி 20, வெள்ளி

உறைமழை. நடைபாதை முழுக்க வழுக்கல். சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போகவில்லை, அழைப்புக்குக் காத்திருந்தேன். வந்தது.

"அம்மா, ஆரும் வந்தவையோ?"

"அறை நிறைய, அப்பு. இடமில்லாமல் நிண்டவை. பிலோமினா அன்ரி முன்னுக்கு. அப்பாவும் வந்தவர்."

லைனில் இரும்புக் கதவு அடிக்கும் சத்தம்.

"அன்ரன்?"

"இற்ஸ் ஓகே அம்மா. எனக்கு நீங்கள் சும்மா சொல்லத் தேவையில்லை."

"சும்மா சொல்லேல்லை. சத்தியமா. அவை கதைச்சதும் உனக்குக் கேட்கேல்லையே?"

"சவுண்ட் கட்டாகிக் கட்டாகி வந்தது. லோயரைத்தான் கேட்டது." பிறகு மெதுவாக: "கல்கரி ஆக்களே வந்தவை?"

சிரித்தான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. ஃபோனை மெலனியிடம் கொடுத்தேன். "ஐ ஸ்வேர் அண்ணா, எவ்ரிபடி வோஸ் தேர்" என்று கத்தினாள். அம்மா சொல்லச் சொன்னவவோ என்று கேட்டானாம். லைன் போய்விட்டது.

பெப்ரவரி 21, சனி

அழைப்பு இல்லை.

பெப்ரவரி 22, ஞாயிறு

அழைப்பு இல்லை. முழுச் சிறையும் பூட்டாம். யாரையோ குத்திவிட்டார்களாம். அவனாக இருக்கக்கூடாது, அவனாக இருக்கக்கூடாது. சிறைக்கு ஃபோன் எடுத்தால் இசை போடுகிறார்கள். பூசையில் எல்லோரும் வந்து கையைப் பிடித்து "செவ்வாய்க்கிழமை" என்றார்கள். சுவாமி எங்கள் பெயரைச் சொல்லி மன்றாடினார், இந்த முறை சரியான ஊரைச் சொல்லி.

சேவியருக்கும் எனக்கும் இடையில் சண்டை இல்லை. இருவரும் யன்னலோடு.

பெப்ரவரி 23, திங்கள்

ஹோட்டலில் நிற்கும்போது மிஸ் கிளார்க்கின் அழைப்பு. குரல் உடைந்திருந்தது. அன்ரன் காலையில் கோட்டில் அன்றாடம் நிற்கும் இலவச லோயரைக் கூப்பிட்டு "நான் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டான். தனக்குத் தெரிந்து ஓடிப்போக முதலே நடந்துகொண்டிருந்ததாம்.

துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். சீருடையோடு. கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

திரையில் பிள்ளை. கண்ணுக்குக் கீழே நீலம். வேறொரு நீதிபதி.

உங்கள் சுயவிருப்பில் ஒப்புக்கொள்கிறீர்களா? யெஸ். யாரும் வற்புறுத்தவில்லையே? நோ. கத்தியைக் காட்டியது நீங்கள்தானா? யெஸ். வாசித்த விபரமெல்லாம் உண்மையா? யெஸ்.

நான் உண்மை சொன்னபோது எத்தனை கேள்வி கேட்டார்கள். என் பிள்ளை பொய் சொன்னபோது ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்காக அவனைப் பாராட்டுவதாக நீதிபதி சொன்னார். நல்லாய் இரு என்று வாழ்த்தினார்.

இருட்டுப்பட முதல் வீட்டுக்கு வந்துவிட்டான். சோறு போட்டேன். கோப்பையைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, யாரோ பறித்துவிடுவார்கள் என்பது போலச் சாப்பிட்டான். குத்துப்பட்டது கீழ்க் கட்டில் பையனாம்.   அன்ரனின் கன்னத்தைத் தொட்டேன். இருக்கிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அதை எழுதாவிட்டால் அதுவும் பொய்.

பெப்ரவரி 24, செவ்வாய்

இன்றுதான் முடிவு வரவேண்டிய நாள். மிஸ் கிளார்க் ஃபோன் எடுத்தா. வழக்கு முடிந்ததால் நீதிபதி அதை வாசிக்க மாட்டாவாம். எழுதி முடித்திருப்பாவா என்று கேட்டேன். முடித்திருப்பா என்றா. என்ன எழுதியிருப்பா? "தெரியாமல் இருப்பது நல்லது, ஸ்டெல்லா" என்றா. பின்னால் யாரோ அழும் குரல் கேட்டது, இன்னொரு தாயாக இருக்கும். போகவேண்டும் என்றா.

அன்ரன் அறையை விட்டு வரவில்லை. பயிற்சி தந்த எலெக்ட்ரீஷியன் இரண்டு வரி அனுப்பியிருக்கிறார். மன்னிக்கவும், வாடிக்கையாளர் வீடுகளுக்குக் குற்றப் பதிவு உள்ள ஒருவரை அனுப்ப முடியாது. அன்ரனே வாசித்துக் காட்டினான்.

வாங்க: உப்பு, பல்பு, அவனுக்குச் சவர பிளேட்.

பெப்ரவரி 28, சனி

பனி கரைந்து ஊத்தைத் தண்ணி. இரண்டாவது லிப்டும் பழுது.

நாளை பூசை. என்ன முகத்தோடு போவது? வந்து நின்ற அத்தனை பேரும் இப்போது என்ன நினைப்பார்கள்? அவனே ஒப்புக்கொண்டானாமே. நான் மைக்கில் சொன்னதெல்லாம் மறுபடி பொய்யாகிவிட்டது.

பிலோமினா அக்கா படியேறி வந்தா, மூச்சு வாங்க, கையில் மீன் குழம்பு. அன்ரன் கதவைத் திறந்தான். இன்று தாடியை வழித்திருந்தான், சின்னப் பிள்ளை மாதிரி.

"தம்பி, மெலிஞ்சு போனாய். அண்டைக்கு ரீவியில பாக்கவே நினைச்சனான்."

அவன் விளங்காமல் பார்த்தான்.

"நாங்கள் எல்லாரும் வந்து இருந்தனாங்களல்லோ. அறை கொள்ளேல்லை. என்ர கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. உன்ர அப்பாவைப் பாக்கேல்லையே, பின்னுக்கு இருந்து அழுதவர்."

அன்ரன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

அக்கா போன பிறகு குசினி வாசலில் வந்து நின்றான். 

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம் என்ன, அம்மா?"

"சாப்பிடு, அப்பு. ஆறப்போகுது."

சாப்பிட்டான். கோப்பையைக் கழுவி வைத்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அம்மா, பிலோமினா அன்ரியின்ர பெறாமகன்ர நம்பரை வாங்கித் தாறீங்களே? நான் உண்மையாவே கல்கரிக்குப் போகட்டே?"